வைசியாள் வீதிக்கு வந்த ஐரோப்பியக் காசு

பாண்டிச்சேரி வர்றவங்க எல்லாரும் கடற்கரைப் பக்கம் வெள்ளைக்காரத் தெருக்களைப் படம் எடுத்துட்டுக் கிளம்பிடறாங்க. பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்து, மிஷன் வீதிக்கும் மகாத்மா காந்தி வீதிக்கும் நடுவுல இருக்குற வைசியாள் வீதியையும் பாருங்க. இன்னொரு பேர் கால்வே சுப்பராய செட்டி வீதி. தெருவை ஒட்டித் தாழ்வாரம், திண்ணை, உள்ளே முற்றம்னு நம்ம ஊர் வீடுகள்.

அந்தத் தெரு இன்னிக்கு அப்படி நிக்கறதுக்கு ஒரு கூட்டு விண்ணப்பம் காரணம். ஐரோப்பிய ஆணையம் 1998ல் 'ஆசியா அர்ப்ஸ்'னு ஒரு திட்டம் ஆரம்பிச்சது. ஆசிய நகரம் ஒன்று, ஐரோப்பாவில் வேற வேற நாட்டு நகரங்களோட கூட்டு சேர்ந்து மனு போடணும். தனியா போனா காசு கிடையாது.

புதுச்சேரி நகராட்சி கூட்டு சேர்ந்தது இத்தாலியின் உர்பினோவோடும் பிரான்சின் வில்நெவ்-சுர்-லோவோடும். ஓவியர் ரஃபேல் பிறந்த ஊர் உர்பினோ; 1998ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. வில்நெவ் 13ஆம் நூற்றாண்டில் திட்டம் போட்டு, கட்டம் கட்டமாத் தெரு பிரிச்சுக் கட்டின ஊர். நம்ம ஊர்க் கட்டத் தெருக்கள் 1690களில் டச்சுக்காரங்க போட்ட திட்டம். ஜாடிக்கேத்த மூடி :-) பழைய கட்டடங்களைப் பத்தின நுணுக்கத்துக்கு இன்டாக் அமைப்பு உள்ளூர்க் கூட்டாளி. 2002 முதல் 2004 வரை வேலை நடந்தது.

இதுல எனக்கு உறுத்துற விஷயம் ஒண்ணு உண்டு. திட்டத்தோட அடிப்படையே நகராட்சியும் நகராட்சியும் கைகோர்க்கறதுதான். ஐரோப்பியப் பக்கம் தேர்ந்தெடுத்த மேயர்கள். இந்தப் பக்கம்? பிரெஞ்சுக்காரங்க 1880லேயே கொம்யூன், மேயர், நகர சபைன்னு கொண்டுவந்த ஊர் இது. ஆனா 1968க்கு அப்புறம் 2006 வரைக்கும் இங்கே உள்ளாட்சித் தேர்தலே நடக்கலை. முப்பத்தெட்டு வருஷம்! அதனால நம்ம சார்பில் பேசினது அதிகாரிகள்தான். ஓட்டுப் போட்டு அனுப்பின கவுன்சிலர் ஒருத்தர்கூட இல்லை.

அப்போ ஊர்க்காரங்க எங்கே வந்தாங்கன்னா, வீட்டு வாசலில். சுமார் இருபது வீடுகளின் முகப்பைச் சீர் பண்ணினாங்க. எல்லாம் தனியார் வீடு, நகராட்சி உத்தரவு போட்டுச் செய்யற வேலை இல்லை. அரசாங்க ஆவணத்துல கையெழுத்துப் போடாத கூட்டாளிங்க இவங்கதான்னு நான் சொல்லுவேன். அவங்க ஒத்துக்காம ஒரு தூணைக்கூடத் தொட்டிருக்க முடியாது. இடிச்சுட்டு மாடி கட்டி வாடகைக்கு விட்டாத்தான் லாபம்னு நினைக்கற காலத்துல, தாழ்வாரத்தை ஓட்டோடு வச்சுக்கோங்கன்னு ஒவ்வொரு குடும்பத்துக்கிட்டயும் பேசிச் சம்மதிக்க வைக்கறது சின்ன வேலையா?

2008ல் இந்தத் தெருவுக்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது கிடைச்சது.

ஆனா 2014 நவம்பரில் கடற்கரைச் சாலையில் நகராட்சியோட சொந்தக் கட்டடமான மேரியே மழையில் இடிஞ்சு விழுந்தது. பிறகு உலக வங்கிக் கடனுதவியில் அதே சாயலில் திரும்பக் கட்டினாங்க.

(எங்க தட்டாஞ்சாவடி உழவர்கரை நகராட்சியில வருது. அதனால உர்பினோ மேயர் எங்க தெருவுக்கு வர வாய்ப்பே இல்லை!)