துரைமாரின் பந்தயமும் சம்பளச் சாரதியும்

அவிசாவளையிலிருந்து புறப்படும் ஏ 7 நெடுஞ்சாலை, களனி கங்கையின் உறவை விடாமல் கித்துல்கல வரையில் சாவகாசமாக வந்து, அதற்கப்பால் சமவெளியின் சௌகரியங்களைத் துறந்துவிட்டு, வளைவின்மேல் வளைவாக ஏறிக் கினிகத்தேனைக் கணவாயில் மலைநாட்டினுள் பிரவேசிக்கிறது. 1874இல் நாவலப்பிட்டியையும், 1884இல் ஹட்டனையும், அதற்கடுத்த ஆண்டில் நானுஓயாவையும் எட்டிய ரயில் பாதை வட்டவளைப் பக்கமாக மலையேறிச் சென்றுவிட்டமையால், கினிகத்தேனைக்கு ரயிலின் தரிசனம் கிட்டவில்லை. கோப்பிக் காலத்து மாட்டு வண்டியாயினும் தேயிலைக் காலத்து மோட்டார் லொறியாயினும், இவ்வூருக்கு வந்தவை யாவும் சாலை வழியாகவே வந்தன. சாரதி என்னும் மனிதனை அறிந்துகொள்வதற்கு இதனைவிடத் தகுந்த ஊர்கள் இலங்கையில் அதிகம் இரா.

அண்டையிலுள்ள வட்டவளையில் ஆண்டொன்றுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகிறது. அம்மழையில் பெரும்பங்கு கினிகத்தேனைக்கும் உண்டு. மழை ஓய்ந்த வேளையில் மூடுபனி வந்து சாலையின் மீது படுத்துக்கொள்கிறது. இரண்டும் இல்லாத நாளில் மேட்டிலிருந்து மண் சரிகிறது. இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல் கியரை நம்பி இறங்கவும், ஏற்றத்தில் என்ஜினின் குரல் தளர்வதற்கு ஒரு கணம் முன்னதாகவே கியரை மாற்றவும், எதிரே வரும் வாகனத்தின் வெளிச்சத்தை வளைவின் மறுபுறத்துப் பாறையிற் கண்டு ஒதுங்கவும் கற்றவனே இங்கே சாரதி எனப்படுவான். பந்தயச் சாரதிக்கு வேண்டிய குணங்களும் பெரும்பாலும் இவையே. இத்தகைய மனிதர்களை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக உருவாக்கிவந்த மலைநாட்டுக்குப் பந்தய ஓட்டத்தை ஒரு ஜீவனோபாயமாக ஆக்கிக்கொள்ள மட்டும் இயலாமற் போனது ஏன் என்னும் வினாவே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயரில், ஷெல்ஸ்லி வால்ஷ் என்னும் சிற்றூரில், 1905ஆம் ஆண்டு முதல் ஒரு பந்தயம் நடந்துவருகிறது. ஆயிரம் கஜ தூரமுள்ள ஒரு குன்றுப் பாதையில் கார்கள் ஒவ்வொன்றாக ஏற, அவை எடுத்துக்கொண்ட நேரத்தை நொடிக் கணக்கில் குறித்து வெற்றியை நிர்ணயிப்பார்கள். பக்கத்தில் போட்டியாளன் எவனும் இல்லை, கடிகாரமே எதிரி. வெள்ளைக்காரத் துரைமார் தம் சொந்த நாட்டில் கண்ட இந்த விநோதம், மலையும் மோட்டாரும் ஓய்வும் ஒருங்கே வாய்த்த இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்ததில் அதிசயம் ஏதுமில்லை. 1934ஆம் ஆண்டில் நுவரெலியாவின் மாகாஸ்தோட்டைத் தோட்டப் பாதையில் முதன்முறையாக மலையேற்றப் பந்தயம் நடந்தது. சிலோன் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இன்றும் அதனை நடத்திவருகிறது; இலங்கையின் மிகப் பழைய மோட்டார்ப் பந்தயம் என்ற கீர்த்தியும் அதற்கே உரியது. நானுஓயாவை அடுத்த ரதல்லவிலும் பின்னர் இத்தகைய பந்தயம் ஏற்பட்டது. ஏப்ரல் மாதத்து வசந்த காலத்தில், கொழும்பின் வெப்பத்துக்கு அஞ்சிய தனவந்தரும் தோட்டங்களின் துரைமாரும் நுவரெலியாவில் கூடிக் குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, நடனம் என்று பொழுது போக்கிய நாட்களோடு மோட்டார்ப் பந்தயமும் ஒட்டிக்கொண்டது.

மலையேற்றப் பந்தயத்தின் இயல்பைச் சற்று நின்று கவனித்தல் வேண்டும்; ஏனெனில் நம் வினாவுக்குரிய விடையின் பாதி அவ்வியல்பினுள்ளேயே அடங்கியிருக்கிறது. கார் புறப்பட்ட இடத்திலேயே டயர் சறுக்கினால் ஆட்டம் முடிந்தது. கொண்டை ஊசி வளைவில் கியர் ஒன்று தவறினால், அந்த இழப்பை ஈடு செய்துகொள்ள அடுத்த சுற்று என்று ஒன்று கிடையாது. ஆகவே சாரதியின் கைத்திறனைச் சோதிப்பதில் இதனை விஞ்சக்கூடிய பந்தயங்கள் சிலவே. ஆனால் ஓட்டமோ கண் சிமிட்டும் நேரம். ஒவ்வொரு வளைவிலும் நிற்பவன் அந்த ஒரு வளைவை மாத்திரமே காண்கிறான். தோட்டத்துப் பாதைக்கு வேலி போட்டு, வாசலில் ஆளை நிறுத்தி, நுழைவுச் சீட்டு விற்பதற்கும் வழியில்லை. சீட்டு விற்க இயலாத இடத்தில் பரிசுப் பணம் சேராது. பரிசுப் பணம் சேராத இடத்தில், சொந்தக் காரும் சொந்தப் பெட்ரோலும் உடையவனைத் தவிர வேறு எவன் ஓட்ட வருவான்? வென்றவனுக்கு ஒரு வெள்ளிக் கிண்ணமும் கிளப்பில் ஒரு மாலை நேரத்துக் கீர்த்தியும் கிட்டின. அவனும் அதற்கு மேல் எதையும் எதிர்பார்த்தவன் அல்லன்.

அதே காலத்தில் அதே மலைகளில் காரோட்டிச் சம்பளம் பெற்றுவந்த வேறொரு வர்க்கத்தார் இருந்தனர். தோட்டத் தொழிலாளரை அதிகாலையில் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நின்று, நாட்கூலிக்குப் பேர் போடும் கணக்குக்குத் தப்பி ஸ்டியரிங்கைப் பிடித்தவனுக்கு, தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் ஒரு தனி மதிப்பு உண்டு. துரையின் காரை வாரந்தோறும் கிளப்புக்கு ஓட்டிச் சென்று, அவர் உள்ளே இருக்கும் வரையில் வெளியே குளிரில் காத்திருந்து, நள்ளிரவில் பனியினூடே பங்களாவுக்குத் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தவனும், தேயிலைப் பெட்டிகளை லொறியில் ஏற்றிக்கொண்டு இறங்கியவனும், மாகாஸ்தோட்டையில் கிண்ணம் வென்றவர்களைவிட இம்மலைகளை நுணுக்கமாக அறிந்தவர்கள் என்றே நான் கருதுகிறேன். எனினும் காரை உடைமையாகக் கொண்டவனுக்கு அது விளையாட்டாகவும், அதனால் பிழைப்பவனுக்கு அது வேலையாகவும் அமைந்த ஒரு சமூகத்தில், வேலைக்காரன் விளையாட வருவது எதிர்பார்க்கப்படவில்லை.

கினிகத்தேனைச் சாலையில் சம்பளம் பெற்றுக்கொண்டே பந்தயம் ஓட்டியவர்கள் எவரும் இல்லையா என்று வாசகர் கேட்கலாம். இருந்தார்கள், பஸ் சாரதிகளே அவர்கள். தனியார் பஸ்கள் ஒரே பாதையில் ஒரே பிரயாணிக்காக ஒன்றையொன்று முந்திப் பறந்த 1930களின் அராஜகத்தைச் சகிக்க மாட்டாமல், அரசாங்கம் 1942இல் பஸ் சேவைகளுக்கு அனுமதிச் சட்டம் கொண்டுவந்து, ஒரு பாதையை ஒரு கம்பெனிக்கே உரியதாக்க முற்பட்டது. 1958 ஜனவரி 1ஆம் திகதி இலங்கைப் போக்குவரத்துச் சபை உதயமாகி, கம்பெனிகள் யாவும் தேசிய உடைமையாயின. சாரதி மாதச் சம்பளக்காரனாகி, முந்திச் செல்வதால் அவனுக்கு ஒரு சதமும் மிகுதியாகக் கிடையாது என்ற நிலை வந்ததும், சாலை சிறிது காலம் நிம்மதியாக மூச்சு விட்டது. 1979இல் தனியார் பஸ்களுக்கு மறுபடியும் வழி திறக்கப்பட்டு, நாளின் வசூலை நம்பிய சாரதி திரும்பி வந்தபோது, பந்தயமும் கூடவே திரும்பி வந்தது. பணம் எந்த வழியில் வருகிறதோ அந்த வழியே வேகமும் வரும் என்பதற்கு இதனைவிட நல்ல நிரூபணம் வேண்டியதில்லை. இதற்குக் கிண்ணம் கொடுப்பார் இல்லை என்பது வேறு விஷயம்.

கடல் கடந்து ஓர் உதாரணத்தை நோக்குவோம். அர்ஜென்டினாவில் பல்கார்சே என்று ஒரு சிறு பட்டணம்; நுவரெலியாவைப் போலவே உருளைக்கிழங்குக்குப் பேர்போனது. இத்தாலியிலிருந்து குடியேறிய ஒரு கொத்தனாரின் மகனாக 1911இல் அங்கே பிறந்த ஹுவான் மனுவேல் ஃபாஞ்சியோ, சிறு பிராயத்திலேயே மோட்டார்ப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவர். அவருடைய திறமையைக் கண்ட ஊரார் தங்களுக்குள் பணம் திரட்டிப் பந்தயக் கார் வாங்க உதவினர். அக்காரை ஓட்டிக்கொண்டு அவர் 1940இல் புவனஸ் ஐரிஸிலிருந்து ஆண்டிஸ் மலைகளைக் கடந்து லீமா சென்று திரும்பும், ஏறத்தாழ 9500 கிலோமீற்றர் தூரப் பந்தயத்தை வென்றார். 1948இல் அதே போன்றதொரு மலைப் பந்தயத்தில் அவர் கார் உருண்டு, உடன் சென்ற தோழர் உயிரிழந்தார். நாற்பதை நெருங்கிய வயதில் ஐரோப்பாவுக்குச் சென்று, 1951லும், 1954 முதல் 1957 வரையிலும் ஐந்து முறை உலகச் சாம்பியனானார். மலைச் சாலையில் பழகிய தொழிலாளி மகன் ஒருவன் உலகத்தின் உச்சியை அடைய முடியும் என்பதை ஃபாஞ்சியோ காட்டினார். ஆனால் அவருக்குப் பின்னால் ஓர் ஊர் இருந்தது. நம்முடைய லயங்களில் அவ்வாறு பணம் திரட்டக்கூடியவர் யார்? 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தினால் 525,000 பேர் இந்தியாவுக்கென்றும் 300,000 பேர் இலங்கைக்கென்றும் பங்கிடப்பட்டு, அடுத்த ஆண்டு எந்தக் கரையில் இருப்போம் என்றறியாமல் வாழ்ந்த இந்திய வம்சாவளி ஜனங்களிடம் பந்தயக் காருக்குச் சந்தா கேட்பது பரிகாசமாகவே இருந்திருக்கும்.

ஃபாஞ்சியோவின் காலத்துக்குப் பின்னர், ஊராரின் சந்தாவும் போதாமற் போயிற்று. 1968இல் லோட்டஸ் அணி, பிரித்தானியக் கார்களுக்கு மரபாக உரிய பச்சை வர்ணத்தைக் கைவிட்டு, ஒரு சிகரெட் நிறுவனத்தின் வர்ணங்களைத் தன் கார்கள்மீது பூசிக்கொண்டது முதல், பந்தயச் சாரதியின் ஊதியம் விளம்பரக்காரனின் சட்டைப் பையிலிருந்து வரலாயிற்று. அவ்விதமான சந்தை இலங்கையில் அன்று உருவாகவில்லை. 1960களின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் புதிய கார்களை அரிதாக்கின; பழைய மொரிஸ் மைனரையும் ஒஸ்டினையும் சாகவிடாமல் காப்பதே மலைநாட்டு மெக்கானிக்கின் பிரதான வித்தையாக இருந்தது. 1975இல் கம்பெனித் தோட்டங்களும் அரசுடைமையாகி வெள்ளைத் துரைமாரின் யுகம் முடிந்தது. அவர்கள் தொடங்கிவைத்த பந்தயமோ கொழும்பு வியாபாரிகளின் கைக்கு மாறி உயிர் வாழ்ந்தது.

தமிழ்நாட்டில் கதை வேறு விதமாகத் திரும்பியதற்குக் காரணம், அங்கே பந்தயம் சமதரையில் வளர்ந்தமையே. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமைத்த விமான ஓடுபாதையைச் சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1950களில் பந்தயத்துக்கு எடுத்துக்கொண்டது. இலங்கையிலும் களுத்துறைக்கருகில் கட்டுகுருந்தையில் அவ்வாறான யுத்தகால விமானத் தளம் பந்தய மைதானமாயிற்று. 1990இல் சோழவரத்தின் இடத்தை இருங்காட்டுக்கோட்டையின் நிரந்தர ஓடுதளம் பிடித்தது. அதே காலப்பகுதியில், கோயம்புத்தூரின் நூற்பாலைக் குடும்பமொன்றைச் சேர்ந்த எஸ். கரிவரதன், மாருதி காரின் சிறிய என்ஜினை வைத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் காரொன்றைச் சொற்பச் செலவில் ஆக்கும் ஏற்பாட்டைச் செய்தார். ஃபார்முலா மாருதி எனப் பெயர் பெற்ற அது, ஒரு தலைமுறை இளைஞருக்குப் பள்ளிக்கூடமாயிற்று. 1995இல் விமான விபத்தில் கரிவரதன் காலமானார். செட்டிபாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட ஓடுதளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்தப் பள்ளியில் பயின்றவர் நரேன் கார்த்திகேயன். அவருடைய தந்தை ஜி. ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ரேலியைப் பலமுறை வென்றவர். மகன் பதினைந்து வயதில் பிரான்சிலுள்ள பந்தயப் பள்ளிக்குச் சென்றார். 1994இல் பிரித்தானியாவின் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரையும், 1996இல் ஃபார்முலா ஆசியாத் தொடரையும் வென்றார். 2005இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியரானார். அவ்வாண்டு இண்டியானபோலிஸில் டயர்த் தகராறு காரணமாகப் பதினான்கு கார்கள் விலகிக்கொள்ள, எஞ்சி ஓடிய ஆறு கார்களில் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். அதனைப் பரிகசித்தவர் உண்டு. ஆனால் அன்று ஓட்டத்தை முடித்தவர் முடித்தவரே. பின்னர் வில்லியம்ஸ் அணியில் பரிசோதனைச் சாரதி, ஹிஸ்பானியா அணியில் இரண்டு பருவங்கள், அமெரிக்காவில் பிக்கப் லொறிப் பந்தயம், ஜப்பானில் பல ஆண்டுகள் என்று அவர் ஊர் ஊராகச் சென்றதைக் காணும்போது, பந்தயச் சாரதியின் வாழ்வு எத்துணை நிலையற்றது என்பது புலனாகும். டாட்டா குழுமத்தின் ஆதரவு இல்லாதிருந்தால் அந்த யாத்திரை எங்கே நின்றிருக்கும் என்பதை ஊகிக்கவே வேண்டியதில்லை. 2020இல் அவர் பழைய மோட்டார் சைக்கிள்களைச் செப்பனிட்டு விற்கும் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார்.

இலங்கையிலிருந்தும் டிலந்த மாலகமுவ போன்றோர் வெளிநாடு சென்று, லம்போர்கினி கார்களின் ஆசியத் தொடரில் ஓட்டிப் பெயர் பெற்றனர். உள்நாட்டிலோ, 1990கள் முதல் இராணுவ முகாம்களின் மண் தடங்களில் சூப்பர்குரொஸ் பந்தயங்கள் பெருகின. அவற்றிற் புகழ்பெற்ற தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயம் ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின் 2024 ஏப்ரல் 21ஆம் திகதி நடந்தபோது, தடம் விட்டு விலகிய கார் ஒன்று பார்வையாளர் கூட்டத்தினுள் பாய்ந்து, ஒரு சிறுமி உட்பட ஏழு பேர் மாண்டனர். பந்தயத்தின் அபாயத்துக்குக் கூலி பெறுகிறவன் சாரதி என்று உலகம் சொல்லும். தியத்தலாவையில் அன்று மாண்டவர்களோ பந்தயப் பணியில் நின்றவர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களுமே.

மாகாஸ்தோட்டையில் இன்றும் கார்கள் ஏறுகின்றன. ஓட்டுகிறவர்களிற் பெரும்பாலார் வேறு தொழிலில் சம்பாதித்ததை இதில் செலவிடுகிறவர்கள். அவ்வகையில் அவர்கள் 1934இன் துரைமாருக்கு வாரிசுகளே. பந்தயத்தால் பிழைக்கிறவர் அங்கே உண்டு என்றால், அவர் காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, குறட்டை ஒரு கையிலும் டோர்ச்சை வாயிலும் பிடித்திருக்கும் மெக்கானிக்கே. காரின் சொந்தக்காரர் வென்றாலும் தோற்றாலும் அவருடைய கூலியைக் கொடுத்தே தீரவேண்டும்.