மீளுதலும் மீள்குடியேறுதலும்



காலையில் தொழிலின் நிமித்தம் கண்டி நகருக்குச் சென்று மாலையில் மடவளை வந்து சேர்பவரும் "திரும்பினேன்" என்கிறார். இருபது வருடங்கள் புத்தளத்தில் அகதியாக வாழ்ந்துவிட்டு, யாழ்ப்பாணத்தில் கூரையற்ற தம் வீட்டின் முன் நின்றவரும் அதே சொல்லைத்தான் சொன்னார். இரண்டும் ஒன்றா?

நமது மலைநாட்டு வரலாற்றிலிருந்தே தொடங்குவோம். 1626இல் போர்த்துக்கேயர் தமது ஆட்சிக்குட்பட்ட கரையோரங்களிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு அடைக்கலம் அளித்தான். ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான். நாளடைவில் சென்ற இடமே ஊராயிற்று. இதனைக் காட்டி, "வடபுல மக்களும் அவ்வாறே புத்தளத்தில் இருந்துவிடட்டுமே" என்போர் நம்மிடையேயும் உளர். அது நியாயமன்று. செனரத்தின் காலத்தவர் மண்ணறை சென்று நூற்றாண்டுகளாகின்றன. 1990இல் துரத்தப்பட்டோரில் பலருக்கோ தமது வளவின் எல்லை இன்னும் நினைவிலிருக்கிறது.

அவ்வருடம் ஒக்டோபரில் யாழ்ப்பாணம், மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிலும் வவுனியாவின் சில பகுதிகளிலும் வாழ்ந்த முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். மொத்தம் சுமார் 75,000 பேர். யாழ் நகர மக்களை ஒக்டோபர் 30ஆம் திகதி ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணி நேரத்துள் ஊரைவிட்டுப் போகுமாறு பணித்தனர். நகையும் பணமும் வழியிலேயே பறிக்கப்பட்டன. 2002 ஏப்ரலில் அன்டன் பாலசிங்கம் இதற்காக மன்னிப்புக் கோரினார்; எனினும் அச்சமின்றித் திரும்பும் வாய்ப்பு 2009இல் போர் முடிந்த பின்னரே கிட்டியது.

திரும்பியோர் கண்டது என்ன? பிறந்த பிள்ளைகள் வளர்ந்து அவர்களுக்கும் பிள்ளைகள். ஒரு குடும்பம் மூன்றாகியிருந்தது, காணியோ ஒன்றுதான். பலர் பதிவு செய்துவிட்டு, பிள்ளைகளின் படிப்புக்காக மீண்டும் புத்தளம் சென்றனர். உடனே "இவர்களுக்கு ஊர் வேண்டாம்" என்று பேசப்பட்டது. மன்னாரின் தெற்கே முசலியில் நிலைமை வேறு. கைவிடப்பட்ட கிராமங்களில் காடு வளர்ந்திருந்தது. 2012இல் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதிகள் வர்த்தமானி மூலம் ஒதுக்கக் காடாக்கப்பட்டன. தம் ஊரைத் துப்புரவு செய்தவர்கள், வில்பத்துவை அழிப்போர் என்று பெயர் பெற்றனர்.

இவ்விடத்தில் ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு மக்கா வெற்றியை எண்ணிப் பாருங்கள். பிறந்த ஊருக்குள் வெற்றியுடன் நுழைந்த நபி (ஸல்) அவர்கள் தங்கியது எங்கே? கூடாரத்தில். குடும்பத்தின் வீடுகளை அகீல் ஏற்கெனவே விற்றுவிட்டிருந்தார். அவ்வீடுகளை அவர்கள் மீட்டெடுக்கவுமில்லை. நபியவர்கள் இனி மக்காவிலேயே தங்கிவிடுவார்களோ என அன்சாரிகள் கலங்கினர். நபியவர்களோ மதீனாவுக்கே சென்றார்கள், அங்கேயே மறைந்தார்கள். அதனால் மக்கா அவர்களது ஊர் அல்லவென்று எவரும் சொன்னதில்லை.

புத்தளத்தில் வாழ்ந்துகொண்டே மன்னாரில் வாக்குரிமை வைத்திருப்போரை நாம் இவ்வாறு நோக்குவதில்லை. 2019 நவம்பர் 16ஆம் திகதி, ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிக்க அவர்கள் பஸ் வண்டிகளில் மன்னாருக்குப் புறப்பட்டனர். ஒரே ஒரு நாளுக்கான திரும்புதல் அது. தந்திரிமலையில் அவ்வண்டிகள் மீது கல்லெறிந்தனர், துப்பாக்கியாலும் சுட்டனர். உயிரிழப்பு நேரவில்லை. அவர்கள் பயணத்தைத் தொடர்ந்தனர்.