‘ஜென்டல் ரிமைண்டர்’: எங்கே எழுதலாம், எங்கே கூடாது?

செலாயாங் வட்டார அடுக்குமாடிகளின் புலனக் குழுக்களில் ‘ஜென்டல் ரிமைண்டர்’ பழகிப்போன சொற்றொடர். பராமரிப்புக் கட்டணமா, கார் நிறுத்துமிடமா, குப்பையா, எல்லாவற்றுக்கும் அதுதான் தலைப்பு. மலாயில் வரும் ‘பெரிங்காத்தான் மெஸ்ரா’வும் இதற்கு உறவுதான்.

இதன் பொருள் மென்மையான நினைவூட்டல். கெடு இன்னும் முடியவில்லை, பெறுபவர் மேல் தவறு எதுவும் இல்லை என்றால் தாராளமாக எழுதலாம். ஞாயிற்றுக்கிழமை ஆண்டுக்கூட்டம் என்பதை வெள்ளிக்கிழமை நினைவுபடுத்தும்போது பொருந்தும். மூன்று மாதப் பாக்கியைக் கேட்கும் கடிதத்தில் பொருந்தாது. ‘மென்மையாக’ என்று தொடங்கி ‘தவறினால் நடவடிக்கை’ என்று முடித்தால், படிப்பவர் முதல் வரியைத்தான் பிடித்துக்கொள்வார். (மென்மை எழுதும் விதத்தில் தெரிந்தால் போதாதா? அதைத் தலைப்பில் வேறு அறிவிக்க வேண்டுமா?)

பாக்கி விஷயத்தில் சட்டம் வேறு கணக்குப் பார்க்கிறது. 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டப்படி, கட்டணம் செலுத்தாத உரிமையாளருக்கு எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்து, குறைந்தது 14 நாள் அவகாசம் தர வேண்டும். புலனத்தில் அனுப்பும் ‘ஜென்டல் ரிமைண்டர்’ அந்த நோட்டீஸ் ஆகிவிடாது. செலாயாங் நகராண்மைக் கழகத்தின் மதிப்பீட்டு வரியும் அப்படித்தான். பிப்ரவரி இறுதி, ஆகஸ்டு 31 என ஆண்டுக்கு இரண்டு கெடு. அவை தாண்டிய பிறகு வரும் ‘போராங் ஈ’ பாக்கியைக் கேட்கும் நோட்டீஸ். அதற்கும் அசையாவிட்டால், வீட்டுப் பொருள்களைப் பறிமுதல் செய்யும் ‘போராங் எஃப்’ ஆணை வரலாம். பெற்றோருக்குக் கடிதம் படித்துச் சொல்லும் பிள்ளைகள், “சும்மா ஞாபகப்படுத்துறாங்கம்மா” என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது.

இலக்கணத்திலும் ஓர் இடறல் உண்டு. ‘பிளீஸ் பி ரிமைண்ட்’ என்று எழுதுகிறார்கள். ‘ரிமைண்டட்’ என்பதே சரி. ‘ரிமெம்பர்’ என்றால் நாமே ஞாபகம் வைத்துக்கொள்வது, ‘ரிமைண்ட்’ என்றால் பிறருக்கு ஞாபகப்படுத்துவது. மலாயில் ‘இங்காட்’, ‘இங்காத்கான்’ என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு இதில் குழப்பமே வராது.

பணம் கேட்டு எழுதும்போது எதற்கு, எவ்வளவு, எப்போதைக்குள் என்ற மூன்றும் முதல் வரியிலேயே வரட்டும். கெடுவுக்கு முன்பு, ‘ரிமைண்டர்: மார்ச் மெயின்டனன்ஸ் ஃபீ, 80 ரிங்கிட், டியூ 15 ஏப்ரல்’. கெடு தாண்டிவிட்டால் ‘ரிமைண்டர்’ போய், அந்த இடத்தில் ‘ஓவர்டியூ’ வர வேண்டும்.