கோட்டைக்குள் ஓலை, கம்பிக்குள் பாக்கெட்

ஸ்ரீவராகத்திலிருந்து கோட்டைக்குள் நடந்தே போய்விடலாம். அங்கே கேரள அரசின் சென்ட்ரல் ஆர்கைவ்ஸ் இருக்கிறது. லீவுக்கு ஊருக்குப் போகும் நம்மவர்கள் பத்மநாபசாமி கோயில், சாலைக் கடைத்தெரு, சங்குமுகம் என்று சுற்றுவார்களே தவிர, இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பது குறைவு. 2022 டிசம்பரில் அங்கே ஓலைச்சுவடி அருங்காட்சியகம் ஒன்றும் திறந்தார்கள். வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை, பழந்தமிழ் என்று கட்டுக் கட்டாக ஓலைகள்.

பொட்டி தட்டிப் பிழைக்கும் எனக்கு அந்த ஓலைகளை நினைத்தால் ஆபீஸ் ஞாபகம்தான் வரும். ஏன் என்று சொல்கிறேன்.

ஓர் ஓலையில் ௯௱௨௰௫ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடக் கணக்குப்படி பார்த்தால் ஐந்து இலக்கம். ஆனால் பழைய தமிழ் முறையில் நூறுக்கும் பத்துக்கும் தனித்தனிக் குறி உண்டு. ஒன்பது நூறு, இரண்டு பத்து, ஐந்து, ஆக 925. சரி, அது நெல்லா, பணமா, வருஷமா? வருஷம் என்றால் எந்த வருஷம்? கொல்லம் ஆண்டு என்று தெரிந்தவருக்குத்தான் 825ஐக் கூட்டத் தோன்றும். மார்த்தாண்ட வர்மா திருவிதாங்கூரைப் பத்மநாபசாமிக்கு எழுதிக் கொடுத்தது கொல்லம் 925 மகர மாதம், அதாவது 1750 ஜனவரி.

ஓலையில் இருப்பது வெறும் கீறல். அர்த்தம், எழுதினவருக்கும் படிக்கிறவருக்கும் நடுவே உள்ள ஏற்பாட்டில் இருக்கிறது.

நெட்வொர்க் கம்பியிலும் இதே கதைதான். 01, 90 என்று அடுத்தடுத்து இரண்டு பைட் வருகிறது. பதினாறின் அடுக்கில் எழுதியவை இவை. பெரிய பக்கம் முதலில் என்று படித்தால் 400. சின்ன பக்கம் முதலில் என்று படித்தால் 36,865! எந்தப் பக்கம் முதலில் என்ற சண்டைக்கு டேனி கோஹன் என்பவர் 1980 ஏப்ரல் 1 அன்று எழுதிய கட்டுரையில் பெயரே வைத்தார்: பிக் எண்டியன், லிட்டில் எண்டியன். கலிவர் கதையில் முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று அடித்துக்கொள்வார்களே, அங்கிருந்து எடுத்தது :-)

இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் புரோட்டோகால். அதைத் தெரிந்துகொண்டு பைட்டுகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லும் நிரல்துண்டுக்குப் பெயர் டிசெக்டர்.

கம்பியில் ஓடுவதைப் பிடித்துப் பார்க்கும் ஆசை பழையது. 1980களின் கடைசியில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் வான் ஜேக்கப்சன், கிரெய்க் லெரெஸ், ஸ்டீவன் மெக்கேன் ஆகியோர் டிசிபிடம்ப் எழுதினார்கள். அது வரிவரியாகக் கொட்டும். விரித்துப் படிக்க வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்கும் கருவிகள்தான். 1990களின் பின்பாதியில் அவற்றின் விலை 1,500 டாலர் அளவில் இருந்தது. கான்சஸ் சிட்டியில் ஓர் இணையச் சேவை நிறுவனத்தில் வேலை பார்த்த ஜெரால்ட் கோம்ப்ஸுக்கு அதைவிடப் பெரிய சிக்கல்: அவருடைய ஆபீஸில் இருந்த சோலாரிஸ், லினக்ஸ் இயந்திரங்களில் அந்தக் கருவிகள் ஓடாது. தானே ஒன்று எழுதினார். 1998 ஜூலையில் ஈதீரியல் என்ற பெயரில் வெளியிட்டார்.

அவர் ஒருவரே எழுதியிருந்தால் அது அத்தோடு நின்றிருக்கும். கில்பர்ட் ராமிரெஸ் ஒரு டிசெக்டர் கொடுத்தார். அக்டோபரில் கை ஹாரிஸ் வந்தார். வருஷக் கடைசியில் டிசிபி/ஐபி வகுப்பு எடுத்துவந்த ரிச்சர்ட் ஷார்ப் எட்டிப் பார்த்தார். தன் வகுப்புக்குத் தேவையான புரோட்டோகால்கள் அதில் இல்லை. ஆனால் சுலபமாகச் சேர்க்கலாம் என்று கண்டார், சேர்த்தார். இப்படி அவரவர் தேவைக்கு அவரவர் ஒன்று சேர்த்துத்தான் இன்று மூவாயிரத்துக்கும் மேல் நிற்கிறது.

2006இல் ஒரு சோதனை. கோம்ப்ஸ் வேலை மாறினார். ஈதீரியல் என்ற வணிகப் பெயர் பழைய நிறுவனத்திடம் இருந்தது, அவரால் எடுத்து வர முடியவில்லை. ஆனால் நிரல் ஜிபிஎல் உரிமத்தில் இருந்ததே! யாரும் எடுத்து வளர்க்கலாம். பெயரை விட்டுவிட்டு நிரலை எடுத்துக்கொண்டார். ஆட்களும் டிசெக்டர்களும் கூடவே வந்தன. புதுப் பெயர் வயர்ஷார்க். 2008இல், தொடங்கிப் பத்து வருஷம் கழித்து, 1.0 பதிப்பு வந்தது.

இந்த ஜிபிஎல்லுக்கும் நம்ம ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. அந்த உரிமத்தை எழுதிய ரிச்சர்ட் ஸ்டால்மன், 2001 ஜூலை 20 அன்று திருவனந்தபுரத்தில்தான் ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் ஆஃப் இந்தியாவைத் தொடங்கி வைத்தார்.

சரி, சொந்தமாக டிசெக்டர் எழுதும் வேலை எப்போது வரும்? மின்மாற்றி நிலையம், தொழிற்சாலை, மருத்துவக் கருவி, பங்குச்சந்தை போன்ற இடங்களில் கம்பெனிக்குள்ளேயே ஒருவர் உட்கார்ந்து ஒரு புரோட்டோகால் வகுத்திருப்பார். வயர்ஷார்க்குக்கு அது தெரியாது. 'டேட்டா' என்று ஒற்றை வரியில் சொல்லிக் கைகழுவிவிடும்.

எழுத வேண்டியது மூன்று பகுதி. முதலில் புரோட்டோகாலின் பெயரையும் அதன் உறுப்புகளையும் பதிய வேண்டும். அடுத்து, எந்த போர்ட் எண்ணில் வந்தால் நம்மைக் கூப்பிட வேண்டும் என்று சொல்ல வேண்டும். மூன்றாவதுதான் உண்மையான வேலை: முதல் இரண்டு பைட் செய்தியின் வகை, அடுத்த இரண்டு நீளம், அடுத்த நான்கு நேரம், எல்லாம் பிக் எண்டியன் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மரத்தில் கிளையாக மாட்டுவது. சி மொழியில் எழுதினால் வேகம். லுவாவில் எழுதினால் கம்பைல் செய்கிற தொல்லை இல்லை, சில பத்து வரிகளில் முடியும்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். டிசிபியில் ஒரு செய்தி இரண்டு பாக்கெட்டாக உடைந்து வரலாம், இரண்டு செய்தி ஒன்றாகவும் வரலாம். சேர்த்துக் கட்டிவிட்டுத்தான் பிரிக்க வேண்டும். இன்னொன்று, பாக்கெட் சொல்லும் நீளத்தை அப்படியே நம்பக் கூடாது. கம்பியில் வருவது யார் அனுப்பியதோ! வயர்ஷார்க்கின் பாதுகாப்பு ஓட்டைகளில் பெரும்பகுதி டிசெக்டர்களில் கண்டுபிடிக்கப்பட்டவைதான். அதனாலேயே பாக்கெட்டைப் பிடிக்கும் வேலையை டம்ப்கேப் என்ற தனி நிரலுக்குக் கொடுத்து, கூடுதல் அதிகாரத்தை அதற்கு மட்டும் வைத்தார்கள்.

இதில் தொழில்நுட்பத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. கம்பெனிக்குள் வகுத்த புரோட்டோகால் பல சமயம் ஒருவர் தலைக்குள்தான் இருக்கும். அவர் வேலை மாறுவார், நம்மைப் போல நாடு மாறுவார், ஓய்வு பெறுவார். இயந்திரம் மட்டும் இருபது வருஷம் பேசிக்கொண்டே இருக்கும், புரிந்துகொள்ள ஆள் இருக்காது. வட்டெழுத்துக்கு நடந்தது அதுதானே? ஓலை கெடாமல் இருந்தும், படிப்பவர் விரல் விட்டு எண்ணும்படி குறைந்துபோனார்கள். டிசெக்டர் எழுதுவது அந்த ஏற்பாட்டைத் தலையிலிருந்து இறக்கி, ஓடிக் காட்டும் நிரலாக வைப்பது. தனியாகக் கோப்பு எழுதினால் நாளாவட்டத்தில் பழசாகிவிடும். டிசெக்டர் தப்பாக இருந்தால் முதல் பாக்கெட்டிலேயே பல்லிளித்துவிடும். ஆபீஸுக்குள் மட்டும் பயன்படுத்தினால் ஊருக்குக் கொடுக்க வேண்டிய கட்டாயம் ஜிபிஎல்லில் இல்லை. வெளியே கொடுத்தால் மூல நிரலோடு கொடுக்க வேண்டும்.

வீட்டில் ஹைஸ்கூல் பிள்ளைகள் இருந்தால், உங்கள் சொந்த நெட்வொர்க்கில் ஒரு நிமிஷம் பிடித்துக் காட்டுங்கள். ஒரு பக்கம் விரிந்த மரம், பக்கத்திலேயே வெறும் பைட்டுகள். மரத்தில் ஒரு கிளையைத் தொட்டால் அதற்குரிய பைட்டுகள் ஒளிரும். அப்படியே அடுத்த லீவில் கோட்டைக்குள் கூட்டிக்கொண்டு போய் ௯௱௨௰௫ கதையையும் சொல்லுங்கள்.