ஓசூர்ப் பிள்ளைகள் எங்கே படித்தார்கள்?

ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி, ஓசூரில் பள்ளியில் படித்தார். கல்லூரிக்கு அவர் போனது பெங்களூரு சென்ட்ரல் கல்லூரி. 1894இல் அங்கே பட்டம் வாங்கிய பிறகுதான் சட்டம் படிக்கச் சென்னைக்குப் போனார். ஓசூர் அன்று மதராஸ் மாகாணத்தின் சேலம் மாவட்டத்தில் இருந்தது. பெங்களூரு மைசூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. ஆனால் சென்ட்ரல் கல்லூரி இணைந்திருந்தது மதராஸ் பல்கலைக்கழகத்தோடு. 1916இல் மைசூருக்கென்று பல்கலைக்கழகம் வந்த பிறகே படிப்பிலும் எல்லை விழுந்தது.

1956இல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது ஓசூர் தமிழகத்தோடு நின்றது. வீட்டில் தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசும் குடும்பங்கள் நிறைந்த வட்டாரம் இது. அந்த மொழிகளில் பாடம் நடத்தும் அரசுப் பள்ளிகள் இங்கே நெடுநாளாக இருக்கின்றன. 2006இல் வந்த தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுதோறும் ஒவ்வொரு வகுப்பாகத் தமிழைக் கட்டாயமாக்கியது. அது பத்தாம் வகுப்பை எட்டியபோது, விலக்குக் கேட்டு மொழிச் சிறுபான்மையினர் நீதிமன்றம் போனார்கள்.

கல்லூரி தாமதமாகத்தான் வந்தது. கிருஷ்ணகிரியில் அரசு கலைக் கல்லூரி 1964இல் தொடங்கியது. ஓசூரிலிருந்து அது ஏறக்குறைய 50 கிலோமீட்டர்; பெங்களூரு 40தான். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் எந்தப் பக்கம் பஸ் ஏறியிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

ஓசூருக்குள் கல்லூரியை முந்திக்கொண்டு தொழிற்சாலை வந்தது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை, 1980இல் அசோக் லேலண்ட், அதையொட்டி டிவிஎஸ் மொபெட். டாடாவும் டிட்கோவும் 1984இல் கூட்டாகத் தொடங்கிய டைட்டன் இன்னொரு வழி கண்டது. தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் பிளஸ் டூ முடித்த பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, கைக்கடிகாரம் செய்யும் நுணுக்கத்தைத் தானே கற்றுக்கொடுத்தது. வீட்டைப் பிரிந்து வந்தவர்களுக்கு ஓசூரில் வாடகை வீடு பிடித்து, பெற்றோர்போலப் பார்த்துக்கொள்ள மூத்த தம்பதிகளையும் அமர்த்தியது. கல்லூரிக்குப் போக வாய்ப்பில்லாத அந்தத் தலைமுறைக்கு டைட்டன்தான் பயிற்சிக்கூடம். பெரிய காரியம் அது.

எம்.ஜி.ஆர். அரசு 1984இல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வழிவிட்டது. ஓசூரில் 1987இல் அதியமான் பொறியியல் கல்லூரி எழுந்தது. கட்டணம் கட்ட முடியாதவர்கள் பர்கூரில் அரசு பொறியியல் கல்லூரி வரும்வரை, அதாவது 1994வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. கிருஷ்ணகிரி 2004இல் தனி மாவட்டமானது. அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது 2022 ஜனவரியில்.

இன்று கல்லூரிகள் பக்கத்திலேயே இருக்கின்றன. எல்லை விதிகளில் இருக்கிறது. எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழகத்தில் படித்தவருக்குப் பொறியியல் கலந்தாய்வில் இருப்பிடச் சான்று தேவையில்லை. இடையில் ஓராண்டு கர்நாடகப் பள்ளியில் படித்திருந்தாலும் அந்தச் சான்று வேண்டும். பொதுவாக, ஆறாம் வகுப்பு முதல் தமிழக அரசுப் பள்ளியில் படித்தால்தான் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு கிடைக்கும். மருத்துவத்தில் 2020 முதலும் பொறியியலில் 2021 முதலும் அது நடைமுறையில் உள்ளது. வேலை தேடி இரு மாநிலங்களுக்கும் மாறிமாறிக் குடிபெயரும் தொழிலாளர் குடும்பங்கள், பெரும்பாலும் பிளஸ் டூ முடிந்த பிறகே இதை அறிகின்றன. ஐந்தாம் வகுப்பு முடித்து மாற்றுச் சான்றிதழ் வாங்க வரும் பெற்றோரிடம் தலைமையாசிரியர்கள் இதைச் சொல்லி அனுப்ப வேண்டும்.