மட்டக்களப்பிலிருந்து மலையேறிய ஓர் எண்

கண்டியில் ஒரு சுவரைக் காற்று எவ்வளவு பலமாகத் தள்ளும் என்று கணக்குப் போட்ட பொறியியலாளர்கள் நெடுங்காலம் 33.5 என்றுதான் தொடங்கினார்கள். வினாடிக்கு 33.5 மீற்றர். அந்த எண்ணுக்குக் காரணமான காற்று வீசியது கண்டியில் அல்ல.

1978 நவம்பர் 23 இரவு சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப்போட்டது. நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. தென்னந்தோப்புகளும் கூரைகளும் சுவர்களும் சரிந்தன. அதன் பிறகுதான், 1980இல், பலத்த காற்றைத் தாங்கும் கட்டட வடிவமைப்புக்கென அமைச்சு ஒரு கைநூலை வெளியிட்டது. தீவு மூன்று வலயங்களானது. கிழக்குக் கரையோரத்தில் சாதாரண கட்டடத்துக்கு 49 மீற்றர். கண்டிக்குக் கடைசி வலயம்: 33.5.

கணக்கின் வழிமுறை 1972ஆம் ஆண்டின் பிரித்தானிய விதிக்கோவையிலிருந்து வந்தது. 1879இல் ஸ்கொட்லாந்தின் டே பாலம் புயலில் ரயிலோடு ஆற்றில் விழுந்தது; காற்றுக்கென்று தனியாக எதுவும் ஒதுக்காமல் கட்டிய பாலம் அது. பிரித்தானியப் பொறியியல் காற்றுக்கு அஞ்சக் கற்றது அங்கேதான்.

அந்த விதிக்கோவையின்படி வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி, மறுபடி 0.613ஆல் பெருக்க வேண்டும். காற்றின் அடர்த்தியில் பாதிதான் இந்த 0.613. கண்டிக்கு வரும் விடை, சதுர மீற்றருக்கு 688 நியூட்டன். எழுபது கிலோ எடை சாய்ந்து நிற்பது மாதிரி. கிழக்குக் கரைக்கு 1472. வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை, அழுத்தமோ இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது.

வலய வரைபடத்தில் மலை தெரியாது. எனக்குக் கவலை தருவது இதுதான். வேகத்தைப் பெருக்குமுன் நில அமைப்புக்கு ஒரு குணகம் போட வேண்டும்: எல்லாப் பக்கமும் மறைந்த பள்ளத்தாக்குக்கு 0.9, காற்றுக்கு முகம் காட்டும் சரிவுக்கு 1.1. காற்றை ஒடுக்கி விரைவுபடுத்தும் பள்ளத்தாக்குக்கும் 1.1தான். கண்டியின் ஹந்தானை மலைச் சரிவில் திறந்து நிற்கும் வீட்டுக்கு 688 ஏறக்குறைய 832 ஆகிறது. நாற்புறமும் மறைந்த தாழ்விடத்தில் 557. இரண்டும் ஒரே வலயம். மனையில் போய் நின்று பார்க்காமல் இந்தக் குணகத்தை எழுதக்கூடாது.

சுற்றுப்புறம், உயரம், கட்டடத்தின் ஆயுள் ஆகியவற்றுக்கும் குணகங்கள் உண்டு. பிறகு சுவர். சாதாரண பெட்டி வடிவ வீட்டில் காற்றை எதிர்கொள்ளும் சுவருக்கு அந்த அழுத்தத்தில் 0.7 பங்கு தள்ளல். பக்கச் சுவர்களுக்கு 0.5 பங்கு, ஆனால் வெளிப்புறமாக இழுக்கும். காற்று உள்ளே புகுந்து 0.2 பங்கு அழுத்தினால் அந்த இழுப்பு 0.7 ஆகிவிடும். மூலைகளில் இன்னும் கூடும். மேல்விளிம்பில் வளையோ தூணோ பிடிக்காத சீமெந்துக் கல் சுவர் வீட்டுக்குள் மட்டுமல்ல, வெளியிலும் விழலாம். கூரையைக் கட்டிவைக்கத் தோன்றும் நமக்குச் சுவரைக் கட்டிவைக்கத் தோன்றுவதில்லை.

இப்போது ஐரோப்பிய விதிக்கோவையும் கைக்கு வந்திருக்கிறது. அது கேட்பது பத்து நிமிடச் சராசரி வேகம், பழைய 33.5 மூன்று வினாடி வீச்சின் வேகம். 33.5ஐ அப்படியே புதிய முறையில் போட்டால் சுவர் வீணாகத் தடிக்கும், காசு போகும். பத்து நிமிடச் சராசரியைப் பழைய சூத்திரத்தில் போட்டால் அழுத்தம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். தாளில் அந்தச் சுவர் பத்திரமாகவே நிற்கும்.