கறுப்புக் காருக்குப் பொலிஷ்: தேய்க்குமுன் அளந்து பாருங்கள்

வெள்ளைக் காரில் கண்ணுக்குப்படாத கீறல் கறுப்புக் காரில் ஏன் அப்படித் துலங்குகிறது? கீறல் ஒன்றுதான். வெள்ளை நிறம் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறவிடுவதால், கீறலில் சிதறும் ஒளி அதற்குள் மறைந்துவிடும். கறுப்பில் ஒவ்வொரு கீறலும் வெண்கோடாகிவிடும். வெயிலில் தெரியும் சிலந்திவலை வட்டங்கள்கூடப் பெரும்பாலும் வட்டக் கீறல்கள் அல்ல. அழுக்குத் துணி கண்டபடி போட்ட கீறல்களில், ஒளிக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னுவதால் வரும் தோற்றம் அது.

இந்தக் கீறல்கள் இருப்பது கறுப்பின் மேலுள்ள கிளியர் கோட்டில். பெரும்பாலான கார்களில் அதன் தடிப்பு ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரோன், தலைமுடியைவிட மெல்லியது. கீறலை எடுப்பதென்றால், அதன் அடிமட்டம்வரை சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்து இறக்குவதுதான். புறஊதாக் கதிரைத் தடுப்பதும் இதே படை. தேய்ந்தது திரும்பி வராது.

ஜேர்மன் கார்களின் கிளியர் கோட் பொதுவாகக் கடினமானது. மேர்சிடிஸ் பென்ஸ் 2003இன் இறுதியில் நுண்ணிய செராமிக் துகள் கலந்த பூச்சையே கொண்டுவந்தது. இலகுவில் கீறாது; கீறினால் இலகுவில் போகாது. மென்மையான ஃபோம் பாட் இங்கே சறுக்கிக்கொண்டுதான் போகும். கம்பளி அல்லது மைக்ரோஃபைபர் பாட்டும் வீரியமான கொம்பவுண்டும் தேவை. அவை தாமே புகைபோன்ற மங்கலை விட்டுச்செல்லும். வெள்ளிநிறக் காரில் அதை யாரும் கவனிக்கமாட்டார்கள். கறுப்பில் மறைக்க முடியாது. ஆகவே மென்மையான பாட், நுண்ணிய பொலிஷ் என்று இரண்டாம் சுற்று கட்டாயம். டொயோட்டாவின் 202 கறுப்பு இதற்கு நேரெதிர்: அழுத்தித் துடைத்தாலே கீறும். எந்தக் காரானாலும் ஓரடிச் சதுரத்தில் மிக மென்மையான முறையை முதலில் பரீட்சித்துப் பார்ப்பது அதனால்தான்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இங்கே ஓடும் கறுப்புக் கார்கள் பல, கைமாறிக் கைமாறிப் பலமுறை பொலிஷ் கண்டவை. நாமோ கூலியைத்தான் கேட்கிறோம். பூச்சு எவ்வளவு மிச்சம் என்று கேட்பதில்லை. தடிப்புமானி நிறமும் அடிப்பூச்சும் சேர்ந்த மொத்தத்தையே காட்டும். தொழிற்சாலைப் பூச்சு பொதுவாக 100 முதல் 150 மைக்ரோன். ஓரிடத்தில் அதைவிட நன்றாகக் குறைந்திருந்தால் அங்கே மெஷின் வைக்க விடாதீர்கள். மிக அதிகமென்றால் பிறகு பெயின்ட் அடித்தது.

யாழ்ப்பாணத்தில் இன்னொரு தொல்லை: சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்றுநீர். வெயிலில் கழுவிக் காயவிட்டால் வெண்புள்ளிகள் படியும். புதிதென்றால் நீர் கலந்த வினாகிரியில் கரையும். பூச்சை அரித்துவிட்டால் பொலிஷ்தான்.

வேலை முடிந்ததும் ஐசோபுரொபைல் அல்ககோலால் துடைக்கச் சொல்லி, வெயிலில் நிறுத்திப் பாருங்கள். பொலிஷின் எண்ணெய் கீறலை நிரப்பி மறைத்திருந்தால் அப்போதே தெரியும். நகம் தட்டுப்படும் கீறலை மட்டும் விட்டுவிடச் சொல்வேன். அதைத் துரத்தினால் கிளியர் கோட்டே போய்விடும்.